எம்ஆர்2: அளவுகோல் வைத்து வரைந்த அந்தக் கார் இன்னும் கெத்துதானா?

1984 ஜூனில் டொயோட்டா ஜப்பானில் எம்ஆர்2 காரை விற்பனைக்கு விட்டபோது, அதன் உடம்பில் வளைவு என்று சொல்ல அதிகம் இல்லை. அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள். தாழ்ந்த, தட்டையான பானட். அதற்குள் படுத்திருந்து, சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகள். இரண்டே இருக்கைகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பொருத்திய எஞ்சின். ஆர்வலர்கள் ஏடபிள்யூ11 என்று சேஸி எண்ணைச் சொல்லி அழைக்கும் இந்த முதல் தலைமுறைக் கார் வந்து 40 வருடங்கள் தாண்டிவிட்டன. இன்னும் அதற்குக் கெத்து இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் போட்டோவில் தெரிகிற பெட்டி வடிவம் அந்தக் கெத்தில் சின்னப் பங்குதான். ஒரு டன்னை ஒட்டிய எடை, பவர் உதவி இல்லாத ஸ்டீயரிங், நடுவில் குவிந்த பாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓட்டுகிறவரின் கைக்குச் சொல்கிற செய்திதான் பெரும் பங்கு. அந்த மூன்றையும் தாங்கி நிற்பது உடல் தகடு. எனவே பெயின்ட் பளபளக்க, அடியில் துரு தின்ற எம்ஆர்2 ஒன்றைப் பார்த்தால், அதில் கெத்து மிச்சமில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியை மாடலைப் பார்த்துக் கேட்பதைவிட, எதிரில் நிற்கும் ஒவ்வொரு காரையும் பார்த்துக் கேட்பதுதான் சரி.

பெட்டி வடிவம் வந்த வழி

வடிவத்தில் பாதி இத்தாலி கொடுத்தது. 1970-களில் ஜூஜாரோ, காண்டினி போன்ற வடிவமைப்பாளர்கள் காகிதம் மடித்தது போன்ற ஆப்பு வடிவக் கார்களைப் பரப்பினார்கள். 1972-இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைத்த மலிவான இரண்டு இருக்கைக் கார். எம்ஆர்2-வுக்கு மிக நெருங்கிய முன்னோடி அதுதான்.

மீதிப் பாதி இடப் பிரச்சினையில் பிறந்தது. முன்னால் எஞ்சின் இல்லாததால் பானட்டை நன்றாகத் தாழ்த்த முடிந்தது. ஆனால் அமெரிக்க விதிப்படி முகப்பு விளக்கு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. மூக்கோ அதைவிடத் தாழ்வு. ஆகவே எழும் விளக்கு. முன்பக்கத்தில் ரேடியேட்டரும் ஸ்டெப்னியும் போக ஒரு பை வைக்கும் இடம் மட்டுமே மிஞ்சுகிறது. பெட்ரோல் டாங்க், 41 லிட்டர், இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஓடும் சுரங்கத்துக்குள் நீளவாக்கில் கிடக்கிறது. டாங்க் நிறைந்திருந்தாலும் காலியானாலும் முன் பின் பாரத்தின் விகிதம் பெரிதாக மாறாது என்பது இதில் உள்ள நுட்பம். எஞ்சினுக்கும் பின்னால் ஒரு சிறிய டிக்கி. இவ்வளவையும் 4 மீட்டருக்கும் குறைவான நீளத்தில், 2,320 மில்லிமீட்டர் வீல்பேஸில் (முன், பின் அச்சுகளின் இடைவெளி), 1,665 மில்லிமீட்டர் அகலத்தில் அடைத்திருக்கிறார்கள். மெல்லிய தகட்டில் மடிப்புக் கோடு விழுந்தால் அந்த இடம் விறைப்பாகும். கோடுகள் அழகுக்கு மட்டும் வந்தவை அல்ல.

இதன் யோசனை 1976-இல் தொடங்கியபோது ஸ்போர்ட்ஸ் கார் செய்வது நோக்கமே இல்லை. பெட்ரோலை மிச்சப்படுத்தும், ஆனால் ஓட்ட இன்பமான ஒரு சிறிய கார் வேண்டும் என்பதுதான். 1979-இல் டொயோட்டாவின் சோதனைப் பிரிவிலிருந்த அகியோ யோஷிதா எஞ்சினை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு வழியாக ஆராய்ந்து, நடுவில் என்று முடிவுக்கு வந்தார். முன்சக்கர இயக்கக் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே தொகுப்பாகத் தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தால் போதும். புதிதாக எதையும் வார்க்க வேண்டாம். 1981-இல் முதல் முன்மாதிரி. கலிஃபோர்னியாவின் வில்லோ ஸ்பிரிங்ஸ் ஓடுபாதையில் முன்னாள் ஃபார்முலா 1 வீரர் டான் கர்னி அதை ஓட்டிப் பார்த்தார். சஸ்பென்ஷனைச் செம்மைப்படுத்தியதில் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸின் பொறியாளர் ரோஜர் பெக்கருக்குப் பங்குண்டு. 1983 டோக்கியோ கண்காட்சியில் எஸ்வி-3 என்ற பெயரில் காட்டப்பட்டு, மறு வருடம் கடைக்கு வந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று வரிசை உற்பத்தியில் செய்த முதல் நடு எஞ்சின் கார் இதுவே. 1984-85-க்கான ஜப்பானின் ஆண்டின் சிறந்த கார் விருதும் இதற்குத்தான்.

எஞ்சின்: 4ஏ-ஜிஇ

ஜப்பானில் 1.5 லிட்டர் 3ஏ எஞ்சினுடன் ஒரு மலிவு மாடல் இருந்தது. அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. உயிர் 4ஏ-ஜிஇ-யில் இருக்கிறது: 81 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 77 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 1,587 சிசி, 16 வால்வு, இரட்டை கேம்ஷாஃப்ட், 7,500 ஆர்பிஎம் வரை தயங்காமல் ஏறும் குணம். இதே எஞ்சினைத்தான் முன்னால் நீளவாக்கில் வைத்து, பின்சக்கர இயக்கத்தோடு டொயோட்டாவின் ஏஇ86 காரிலும் போட்டார்கள்.

இதன் குதிரைத்திறனைப் பற்றி ஓயாத சண்டை நடக்கும். அமெரிக்கக் காருக்கு 112, ஐரோப்பாவில் 120-ஐ ஒட்டி, ஜப்பானில் 130. ஜப்பானிய 130 என்பது எஞ்சினைத் தனியே கழற்றி அளக்கும் அந்நாளைய கிராஸ் கணக்கு; அமெரிக்க எண் துணைக் கருவிகளையும் பூட்டி அளக்கும் நெட் கணக்கு, அதோடு மாசுக் கட்டுப்பாடும் வேறு. ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஜப்பான் கார் 18 குதிரை அதிகம் என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

டி-விஸ் என்ற அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு காற்றுப் பாதைகள். குறைந்த வேகத்தில் ஒன்றை ஒரு சிறு பட்டாம்பூச்சி வால்வு அடைத்துவைக்கும். காற்று ஒரே பாதையில் விரைந்து போவதால் கீழ் வேகத்தில் இழுவை கிடைக்கிறது. சுமார் 4,350 ஆர்பிஎம்மில் அடைப்புத் திறக்கும்போது எஞ்சினின் சத்தமே மாறும். அடைத்துவைப்பது எஞ்சின் உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவம். அதைக் கொண்டுவரும் மெல்லிய ரப்பர் குழாயோ, வால்வை இழுக்கும் டயஃப்ரமோ (ரப்பர் சவ்வு) கிழிந்தால் வால்வு எப்போதும் திறந்தே நிற்கும். மேலே நன்றாக ஓடும், கீழே சோர்ந்து கிடக்கும். கிளட்ச் தேய்ந்துவிட்டது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) போய்விட்டது என்று சொல்லி விற்கப்படும் கார்களில் இந்தக் குழாயை முதலில் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது

இன்றைய டொயோட்டா ஜிஆர்86 சுமார் 1,270 கிலோ எடை, 235 குதிரைத்திறன், 1,775 மில்லிமீட்டர் அகலம். நேர்க்கோட்டில் எம்ஆர்2 அதன் அருகில் வராது. ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாமலே முன் சக்கரங்கள் இலகுவாகத் திரும்புவது எம்ஆர்2-வில்தான், ஏனெனில் பாரத்தில் ஏறத்தாழ 44 சதவீதம் மட்டுமே முன்னால் இருக்கிறது. சாலையின் சொரசொரப்பு, டயர் பிடி விடத் தொடங்கும் நொடி, எல்லாம் வடிகட்டாமல் உள்ளங்கைக்கு வருகிறது. இன்றைய சாதாரணப் புதுக் கார்களில் விலை கொடுத்தாலும் இது கிடைப்பது அரிது. என் கணிப்பில், இந்தக் கார் இன்னும் கெத்தாக இருப்பதற்கு முதல் காரணம் இது.

அதே அமைப்புதான் ஆபத்தும். திருப்பத்தின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னோக்கிச் சாயும், பின் டயர்களின் பிடி குறையும், கனமான பின்பக்கம் சுழலத் தொடங்கும். பாரம் நடுவில் குவிந்திருப்பதால் அந்தச் சுழற்சி வேகமானது. திருத்த நேரம் கிடைக்காது. மழையில் இன்னும் மோசம். திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்து, உள்ளே போனபின் லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே செல்வதுதான் இதற்கான முறை.

ஆனால் 'எம்ஆர்2 என்றாலே சுழற்றி அடிக்கும்' என்ற கெட்ட பெயரில் பாதி, தேய்ந்த பின் சஸ்பென்ஷனால் வந்தது. பின் சக்கரத்தின் திசையைப் பிடித்துவைக்கும் கைகளின் ரப்பர் புஷ்கள் 30 வருடத்தில் நொந்துபோகும். ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சக்கரம் தானாகச் சற்று வெளிப்பக்கம் திரும்பும். ஓட்டுகிறவர் திருப்பாமலே கார் திரும்பும். புஷ்கள் எல்லாவற்றையும் மாற்றி, நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்த்தால் வேறு கார் மாதிரி நடக்கும். இரண்டாவது காரணம் டயர். 185/60 ஆர்14 அளவில் நல்ல டயருக்கு இன்று தெரிவு குறைவு என்பதால் பழையதையே ஓட்டுகிறார்கள். பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் 10 வயது டயர் இந்தக் காருக்கு உதவாது.

துரு: இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது

எஞ்சினை வாங்கலாம், கியர்பாக்ஸை வாங்கலாம். உடல் கூட்டை வாங்க முடியாது. எம்ஆர்2 பார்க்கப் போகிறவர் கையில் ஒரு டார்ச், துணி சுற்றிய ஒரு காந்தம், ஜாக், தரையில் விரிக்க ஒரு பாய் இருந்தால் போதும். பானட்டைத் திறப்பதற்கு முன் படுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் இடம் பின் சக்கர வளைவு. வெளித் தகடும் உள் தகடும் அங்கே மடித்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சக்கரம் தெளிக்கும் ஈரமண் அந்த மடிப்பில் தங்குகிறது. பெயின்ட்டில் பட்டாணி அளவு கொப்புளம் தெரிகிறதென்றால் உள் தகடு ஏற்கெனவே போயிருக்கும். காந்தத்தை வளைவு நெடுகத் தேய்த்துக்கொண்டு போங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி, அதாவது ஓட்டையை மூடப் பூசும் பசை. பட்டி பூசி பெயின்ட் அடித்த வளைவு ஒரு வருடம் நிற்கும், பிறகு கட்டியாகப் பெயர்ந்து விழும். சரியான வேலை என்றால், நல்ல தகடு வரும் வரை இரண்டு அடுக்கையும் வெட்டியெடுத்து, உள் தகட்டை முதலில் வெல்டு வைத்து, பிறகு வெளியைச் சேர்த்து, கடைசியில் உள்வெற்றிடத்துக்குள் மெழுகு தெளிக்க வேண்டும். வெளித் தகட்டை மட்டும் மாற்றும் டிங்கரிங் வேலைக்குக் கொடுக்கும் காசு வீண்.

இரண்டாவது கதவுக்குக் கீழே ஓடும் சில். இது காரின் முதுகெலும்பு. கூரையில் கண்ணாடிப் பலகை கழற்றும் டி-பார் மாடலில் இன்னும் அதிகமாக இதை நம்பித்தான் உடல் விறைப்பாக நிற்கிறது. கொடுமை என்னவென்றால், அதே டி-பாரில் ஒழுகும் நீரை வடிக்கும் குழாய்கள் இலைதழையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி சில்லை உள்ளிருந்து தின்கிறது. வெளியே பிளாஸ்டிக் ஸ்கர்ட் மூடியிருந்தால் எதுவும் தெரியாது. ஸ்கர்ட்டைக் கழற்ற அனுமதி கேளுங்கள். மறுத்தால், உள்ளே துரு இருப்பதாகக் கணக்கிட்டே விலை பேசுங்கள். எளிய சோதனை ஒன்று: ஜாக் வைக்கும் இடத்தில் பின் சக்கரத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நின்றபோது இருந்த இடைவெளி மாறி, கதவு தட்டினால் கூடு தளர்ந்துவிட்டது.

அடுத்து ஸ்டெப்னியை வெளியே எடுத்து அதன் அடித்தரை, கதவின் கீழ் விளிம்பு, முன் கண்ணாடியின் அடிப்பட்டை, பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்து. குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் ஊர்களில், பிரிட்டன் உட்பட, ஓடிய கார்களில் இவை அத்தனையையும் பார்த்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியா போன்ற வறண்ட இடத்துக் காரில் தகடு பிழைத்திருக்கும். வெயிலில் டேஷ்போர்டு வெடித்து, ரப்பர் பட்டைகள் கல்லாகியிருக்கும். இரண்டில் எது மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெடித்த டேஷ்போர்டுதான்.

கூலண்ட்

எம்ஆர்2 எஞ்சின்கள் பல செத்ததற்குக் காரணம் தேய்மானம் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் பாதையில் சிக்கிய காற்று. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவில் காரின் அடிவயிற்றில் நீண்ட இரும்புக் குழாய்கள். மொத்தக் கொள்ளளவு 12, 13 லிட்டரை நெருங்கும். சாதாரணக் காரைப் பழகியவர்கள் 6 லிட்டர் ஊற்றியதும் கழுத்து வரை வந்துவிட்டதைப் பார்த்து மூடிவிடுகிறார்கள். மீதி இடம் முழுக்கக் காற்று. வெப்பநிலை சென்சார் தண்ணீரில் முங்காமல் காற்றில் நின்றால் முள் சூட்டைக் காட்டாது. முள் நடுவில் இருக்கும்போதே ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விடும்.

நிரப்பும் முறை இது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் ஹீட்டர் பகுதிக்குள் காற்று சிறைப்படும். ரேடியேட்டரிலும் ஹீட்டர் பாதையிலும் காற்று போக்கும் நிப்பிள்கள் உண்டு. இரண்டிலும் ஒளி புகும் குழாயைச் செருகி, மறுமுனையைத் திறந்த பானட்டில் உயரக் கட்டுங்கள். நிப்பிள்களைத் தளர்த்திவிட்டு, எஞ்சின் பக்கத்தில் கூலண்ட் ஊற்றும் வாயில் மெதுவாக ஊற்றுங்கள். குழாய்களில் திரவம் ஏறி, குமிழி நின்று, அந்த வாயின் மட்டத்துக்கு வந்ததும் நிப்பிளை முடுக்கலாம். பிறகு மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, 82 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை குறையக் குறைய ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்று, ஹீட்டரில் சுடுகாற்று வந்தால் சரி. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மறுபடி ஒரு முறை. எவ்வளவு ஊற்றினோம் என்பதை எழுதிவையுங்கள். கொள்ளளவுக்கும் அதற்கும் 2 லிட்டர் வித்தியாசம் வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. வெறும் தண்ணீர் இரண்டையும் சேர்த்தே அரிக்கும். பாதிக்குப் பாதி கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து, 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடிக்குழாய்கள் வெளியிலும் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த மாற்றுக் குழாய்கள் கிடைக்கின்றன. ஒரு முறை செலவுதான். வண்டி வாங்கியதும் ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள், ஒன்று கூட விடாமல். எது வெடிக்கும் என்று சொல்ல முடியாது; எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் ஆவி கிளம்புவதும் கண்ணுக்குத் தெரியாது.

மற்றவை

4ஏ-ஜிஇ-க்கு கம்ப்ரஷன் 12.6 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) புதிதில் இருக்கும் அளவு, 10 கடைசி எல்லை. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டக்கூடாது. டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த 16 வால்வு எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதுவதில்லை. அந்தத் தைரியத்தில் பலர் பெல்ட்டை மறந்தே போகிறார்கள். நெடுஞ்சாலையில் கார் நின்றுவிடும் என்பதில் மாற்றமில்லை. பெல்ட் இருக்கும் பக்கத்தில் எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவில் கை நுழைவதே சிரமம். எனவே கையோடு வாட்டர் பம்ப்பையும் ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவது புத்தி. வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், உள்வாங்கும் பக்கம் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், வெளியேற்றும் பக்கம் 0.20 முதல் 0.30. ஷிம் என்ற மெல்லிய வில்லையை மாற்றித்தான் சரிசெய்ய முடியும் என்பதால் யாரும் தொடுவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் ஓ-ரிங் கசிந்து எண்ணெய் வழிவது சகஜம், மலிவான வேலை.

முற்காலக் கார்களின் சி50 கியர்பாக்ஸில் 5-ஆவது கியர் தானாகக் கழன்று விழும். சோதனை ஓட்டத்தில் 5-இல் போட்டு, அழுத்தி மிதித்து, சட்டென்று விடுங்கள். இரண்டு மூன்று முறை. லீவர் துள்ளினால் உள்ளே ஸ்லீவும் ஃபோர்க்கும் தேய்ந்துவிட்டன. குளிர்ந்த எஞ்சினில் 2-ஆவது கியர் கறமுறவென்றால், கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. பின் பிரேக் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட்பிரேக் அமைப்பு இருக்கிறது. ஓட்டாமல் நிறுத்திய காரில் அது இறுகிக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோனால், பின்னால் ஒன்று மட்டும் அனலடித்தால் காரணம் அதுதான்.

1986-இல் ஜப்பானிலும், 1988 மாடலாக அமெரிக்காவிலும் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பூட்டிய 4ஏ-ஜிஇசட்இ வந்தது. 145 குதிரை; டி-விஸ் கிடையாது; கம்ப்ரஷன் விகிதம் 8-க்குக் குறைப்பு. தேவைப்படாதபோது மின்காந்தக் கிளட்ச் சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிடும். ஐரோப்பாவில் இது விற்கப்படவே இல்லை. கீழ் வேக இழுவை அபாரம். அதன் கிளட்ச்சும் பேரிங்கும் தேய்ந்தால் பாகம் தேடுவது கடினம். அதற்கென்று தனி ஆயில் உண்டு என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாததால் காய்ந்து போனவை ஏராளம்.

விலை பேசும் இடத்தில்

எம்ஆர்2-வின் அண்ணன் ஏஇ86-க்கு நடந்தது வேறு. 1995-இல் தொடங்கிய ஒரு மங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடர் அதை மலைப்பாதை நாயகனாக்கியது. விலை எங்கோ போய்விட்டது. அதே எஞ்சினும் அதே காலமும் இருந்தும் எம்ஆர்2-வுக்கு அப்படி ஒரு கதை வாய்க்கவில்லை, ஆகவே இன்னும் ஒப்பீட்டளவில் மலிவு. வாங்குகிறவருக்கு அது நல்லது. ஜப்பானில் 13 வயது கடந்த பெட்ரோல் காருக்கு வாகன வரி கூடுகிறது, 2 வருடத்துக்கு ஒருமுறை ஷாகென் என்ற கட்டாய வாகனப் பரிசோதனையும் வேண்டும். அங்கே வைத்துக்கொள்வது செலவாவதால் நல்ல கார்கள் கப்பலேறுகின்றன. அமெரிக்காவில் 25 வயதான காரை அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்தாமல் இறக்கலாம். ஏடபிள்யூ11 எல்லாமே எப்போதோ அந்த வயதைத் தாண்டிவிட்டன.

எதை எடுப்பது என்று கேட்டால்: டி-பார் இல்லாத கூரை, சாதாரண 4ஏ-ஜிஇ, யாரும் தாழ்த்தாத சஸ்பென்ஷன், கூலண்ட் மாற்றியதற்கான பழைய ரசீதுகள். சூப்பர்சார்ஜர் ஆசை இருந்தால், அதைத் தனியே பழுதுபார்க்கும் செலவை முதலிலேயே விலையில் கழியுங்கள்.

1989-இல் மாஸ்டாவின் உருண்டை வடிவ ரோட்ஸ்டர் வந்தது. அதே வருடம் எம்ஆர்2-வின் இரண்டாம் தலைமுறையும் வளைவுகளுக்கு மாறியது. எழும் விளக்கோ 2000-களின் தொடக்கத்தோடு புதுக் கார்களிலிருந்தே மறைந்துவிட்டது. அதனால் கடைசியாக ஒன்றைச் சோதியுங்கள். இருட்டிய பிறகு சுவிட்சைப் போட்டு, இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் எழுகின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள். ஒன்று பின்தங்கினால் அந்தப் பக்கத்து மோட்டாரோ காய்ந்த இணைப்புமுளையோ காரணம். முளைகளைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே பெரும்பாலும் தீரும். வழியில் மோட்டார் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். ஃபியூஸை எடுத்துவிட்டு, மோட்டாரின் முனையில் ரப்பர் மூடிக்கு அடியில் உள்ள குமிழைக் கையால் திருகிக்கொண்டே இருங்கள். விளக்கு மெல்ல எழுந்துவிடும், வீடு போய்ச் சேரலாம்.